களத் தொற்றுநோயியல் பயிற்சி: நெல்லை வட்டாரத்தாரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சேரன்மகாதேவி, சுகாதார ஆய்வாளர்): நான் மருத்துவர் அல்லன். இப்பயிற்சியில் எனக்கு இடமுண்டா, ஐயா?

பதில்: உண்டு. நோய் பரவும் இடத்துக்கே போய், அது யாருக்கு, எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கக் கற்றுத்தரும் பயிற்சி இது. முதல்நிலைப் பயிற்சி ஏறக்குறைய மூன்று மாதம். பணியில் இருந்துகொண்டே முடிக்கலாம். இரண்டாண்டு உயர்நிலைப் பயிற்சிக்குத்தான் பெரும்பாலும் மருத்துவர்களையும் கால்நடை மருத்துவர்களையும் எடுக்கிறார்கள். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அத்தகைய படிப்பை 2001-இல் தொடங்கியது.

கேள்வி (அம்பாசமுத்திரம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்): எலிக்காய்ச்சல் நோயாளியை நான் பார்க்கிறேன். அங்கே மாட்டு டாக்டருக்கு என்ன வேலை?

பதில்: அந்த நோயின் பெயரே நம்மை ஏமாற்றுகிறது, டாக்டர். எலி மட்டுமல்ல, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் அக்கிருமி வெளியேறும். பிசான நெல் பருவ நடவில் வெடித்த காலோடு சேற்றில் நின்ற பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டால், கிருமி உடலில் புகுந்தது பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்கு முன்பாக இருக்கும் என்பதால், எந்த வயல், எந்த வாய்க்கால் என்று இரண்டு வாரமாவது பின்னோக்கி விசாரிக்க வேண்டும். நான் பார்த்த ஒரு நோயாளிப் பட்டியலில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று மட்டும் இருந்தது. என்ன கூலி என்று கேட்ட பிறகே பாதிப் பேர் ஒரே மடை நீரில் நாற்று நட்டவர்கள் என்பது தெரிந்தது. அதே வீட்டுக்குக் கால்நடை மருத்துவர் போனால், சினைமாடு ஏதும் கன்று வீசியதா, அதாவது கரு கலைந்ததா என்று கேட்பார். அது நமக்குத் தோன்றாத கேள்வி. தொழுவத்துக் கழிவுநீர் எந்த வாய்க்காலில் விழுகிறது என்று பார்ப்பவர் மூன்றாமவரான சுகாதார ஆய்வாளர். மூவரும் ஒரே பட்டியலை நிரப்பப் பழகுவதே பயிற்சியின் சாரம் என்பது என் கருத்து. தனித்தனிப் பட்டியல்களைப் பிறகு ஒட்டவைப்பது வீண்வேலை.

கேள்வி (நாங்குநேரி, கல்லூரி மாணவி): கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் பறவைகள் செத்துக் கிடந்தால் பயிற்சி பெற்றவர் முதலில் என்ன செய்வார்?

பதில்: வெறுங்கையால் தொடமாட்டார். எந்த இனம், எத்தனை, எந்த இடம், எந்த நாள் என்று குறித்துக்கொண்டு வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் அன்றே தெரிவிப்பார். பறவைக் காய்ச்சல் ஐயமிருந்தால், பாதுகாப்பு உடையணிந்தவர்கள் எடுக்கும் மாதிரிகள் போபாலிலுள்ள தேசிய விலங்குநோய் ஆய்வகத்துக்குச் செல்லும். அவ்வூரில் பறவைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுவதால், தொட்டவர் யார், அவர்களுக்குக் காய்ச்சல் உண்டா என்பதும் விசாரணையில் சேரும்.

கேள்வி (களக்காடு): இணையவழியில் படித்து முடிக்கலாமா?

பதில்: புள்ளியியலைப் படிக்கலாம். ஆனால் பயிற்சியின் பெரும்பகுதி களத்தில்தான். போகும்போது ஒன்று: வீட்டுத் திண்ணையில் செருப்பைக் கழற்றுங்கள், தொழுவத்தில் மட்டும் கழற்றாதீர்கள்.