வாசகர் கேள்வி பதில்: கவுன்டி சூப்பர்வைசர் என்ன செய்வார்?

கேள்வி: சான் ஹோசேயில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். கவுன்டி சூப்பர்வைசர் தேர்தல் என்று தபாலில் தினமும் நோட்டீஸ் வருகிறது. இவர் நம்மூர் கலெக்டர் மாதிரியா? மகனும் மருமகளும் யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று யோசிக்கிறார்கள்.
(வாசகி, திருச்சி)

பதில்: கலெக்டர் அரசு நியமிக்கிற அதிகாரி, சூப்பர்வைசர் ஓட்டு வாங்கி வருகிறவர். கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. சான் ஹோசே இருக்கும் சான்டா கிளாரா கவுன்டியில் 15 நகரங்கள், சுமார் 19 லட்சம் மக்கள், இத்தனைக்கும் சேர்த்து ஐந்தே சூப்பர்வைசர்கள். அன்றாட நிர்வாகம் பார்க்கும் தலைமை அதிகாரியை நியமிப்பதே இந்த ஐவர்தான். கவுன்டி போலீஸ் தலைவரான ஷெரிஃப், மாவட்ட அரசு வழக்கறிஞர் எல்லாம் தனியாகத் தேர்தலில் ஜெயித்து வந்தாலும் அவர்களுக்குப் பணம் ஒதுக்குவது இந்த ஐவர் அடங்கிய போர்டு. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது, அதனால் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நோட்டீஸில் பாதுகாப்பு, வீட்டு வசதி, டிராஃபிக் என்று எல்லாம் போட்டிருப்பார்கள். சரி, இருக்கட்டும். நான் முதலில் பார்ப்பது ஆஸ்பத்திரியைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்றுதான். வேறு கதியில்லாத ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பைக் கலிஃபோர்னியா நலத்திட்டச் சட்டத்தொகுப்பின் 17000-ஆம் பிரிவு கவுன்டி தலையில்தான் வைத்திருக்கிறது, அதை வேறு யாரிடமும் தள்ளிவிட முடியாது. நடத்தி வந்த நிறுவனம் திவாலானதும் ஓகானர் ஆஸ்பத்திரியையும் கில்ராயில் உள்ள செயின்ட் லூயிஸையும் 2019-ல் கவுன்டி வாங்கியது. கிழக்கு சான் ஹோசேயில் ரீஜனல் மெடிக்கல் சென்டரை நடத்திய தனியார் நிறுவனம், விபத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்கான ட்ராமா பிரிவை 2024-ல் மூடியது. உழைக்கிற ஜனங்கள் நெருக்கமாக வாழும் பகுதி அது, உயிருக்குப் போராடுகிறவரை அங்கிருந்து இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் கவுன்டி அந்த ஆஸ்பத்திரியையும் 17.5 கோடி டாலருக்கு வாங்கியது. நான் இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அதே ஆண்டு ஜூலையில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டின் நிதியைப் பெருமளவு குறைக்கும் மத்திய சட்டம் வந்துவிட்டது. அந்த அடியைச் சமாளிக்க நவம்பரில் மக்களே ஓட்டுப் போட்டு, 100 டாலருக்குச் சுமார் 63 சென்ட் கூடுதல் விற்பனை வரியை ஐந்து வருஷத்துக்கு ஏற்றுக்கொண்டார்கள். வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வந்தால் மகனை இதைக் கேட்கச் சொல்லுங்கள்: அந்த ஐந்து வருஷம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரியை எதை வைத்து நடத்துவீர்கள், பணம் போதவில்லை என்றால் எந்தப் பிரிவில் முதலில் கை வைப்பீர்கள்? இதற்கு நேராகப் பதில் சொல்கிறவருக்கே என் ஓட்டு.

கேள்வி: சூப்பர்வைசரிடம் சொன்னால் வீட்டு வரியைக் குறைப்பாரா?
(வாசகர், சன்னிவேல்)

பதில்: மாட்டார், அவர் கையில் இல்லை. மதிப்பில் 1 சதவீதம் அடிப்படை வரி, அந்த மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று 1978-லேயே மாநில மக்கள் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். வீட்டைக் கைமாற்றினாலோ புதிதாக ஏதாவது கட்டினாலோதான் மதிப்பு புதிதாகக் கணக்கிடப்படும். மதிப்பு தவறு என்று தோன்றினால் மதிப்பீட்டு அலுவலகத்தில் கேளுங்கள், அதற்குத் தலைவரும் தனியே தேர்ந்தெடுக்கப்படுகிறவர்தான்.

கேள்வி: நாங்கள் ஹெச்-1பி விசாவில் இருக்கிறோம், ஓட்டு கிடையாது. எங்கள் பேச்சை யார் கேட்பார்கள்?
(வாசகி, மில்பிடாஸ்)

பதில்: வரி கட்டுகிறீர்கள், அங்கேதான் பிள்ளை வளர்க்கிறீர்கள், அப்புறம் ஏன் தயக்கம்? சான் ஹோசேயில் ஹெடிங் தெருவில் உள்ள கவுன்டி கட்டடத்தில், வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில், போர்டு கூடுகிறது. என்ன பேசப் போகிறார்கள் என்ற பட்டியலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், பேசலாம், குடியுரிமை தேவையில்லை. பேசக் கிடைப்பது ஓரிரு நிமிஷம்தான், அதனால் வணக்கம், நன்றி என்று நீட்டாமல் பட்டியலில் எத்தனையாவது விஷயம், என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். போக முடியாவிட்டால் உங்கள் பகுதி சூப்பர்வைசரின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஆனால் குப்பை, தெருவிளக்கு என்றால் இவருக்கு எழுதாதீர்கள், அது மில்பிடாஸ் நகர சபையின் வேலை.