கேளுங்கள், சொல்கிறேன்: பினாங்கு வழியாகப் போன தந்தி

தந்தி கவுண்டரில் நான் வேலை பார்த்த நாட்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் நான்கை இம்முறை எடுத்துக்கொண்டேன்.

அக்கா, என் மகன் அடிலெய்டில் படிக்கிறான். விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் அலிஸ் ஸ்பிரிங்ஸ் போய், பழைய தந்தி நிலையம் என்று ஒரு படம் அனுப்பினான். சுற்றிலும் செம்மண்ணும் பாறையும்தான் தெரிகிறது. ஆளே இல்லாத இடத்தில் யாருக்காகத் தந்தி ஆபீஸ் கட்டினார்கள்?
— ஒரு வாசகி, பட்டர்வொர்த்

தங்கச்சி, ஊருக்காக அந்த ஆபீசைக் கட்டவில்லை. ஆபீஸ் வந்த பிறகுதான் ஊர் வந்தது. ஆளே இல்லாத இடம் என்றும் சொல்ல முடியாது. அதைக் கடைசிக் கடிதத்தில் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் லண்டன் கடிதம் ஆஸ்திரேலியா போய்ச் சேர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். கடலடிக் கம்பி ஜாவா வரை வந்தபோது, அதை வடக்குக் கரையில் இருக்கும் டார்வினில் கரையேற்றி, அங்கிருந்து கண்டத்தின் நடுவே தெற்குக் கரை வரை கம்பி இழுக்கத் தென் ஆஸ்திரேலியக் காலனி பொறுப்பேற்றது. ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், 36,000 கம்பங்கள். அந்த வேலையைத் தலையில் சுமந்தவர் சார்லஸ் டாட். தபால், தந்தி இரண்டுக்கும் அவர்தான் தலைவர். வானியலும் தெரிந்தவர். 1871 முடிவதற்குள் கம்பி பேச வேண்டும் என்பது கெடு. வடக்கே மழைக்காலம் வந்து வண்டிகளைச் சேற்றில் அமுக்கிவிட்டது. கெடு தவறியது. வடக்குக் கம்பியும் தெற்குக் கம்பியும் சேராத இடைவெளியில் தந்திகளைக் குதிரை மேல் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1872 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கம்பியில் போகிற மின்சாரம் தூரம் போகப் போக நலிந்துவிடும். அதனால் 200, 300 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும். அலிஸ் ஸ்பிரிங்ஸ் அப்படி ஒரு நிலையம். அலிஸ் என்பது டாட்டின் மனைவி பெயர். அங்கே உட்கார்ந்திருப்பவர் டக் டக் ஓசையைக் காதால் கேட்டு, தாளில் எழுதி, அடுத்த நிலையத்துக்குத் தன் கையால் மறுபடி தட்டி அனுப்ப வேண்டும். இரவிலும் இதே வேலைதான். அரிசி, மாவு, மருந்து எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியிலோ ஒட்டகத்திலோ வந்து சேரும்.

நான் அந்த இடத்துக்குப் போயிருக்கிறேன். கல்லால் கட்டிய தாழ்ந்த கட்டடங்கள். பக்கத்தில் ஆற்று மணலில் ஒரு நீர்க்குட்டை. தந்தி மேசைக்கு முன்னால் வந்ததும் எனக்குக் கால் நகரவில்லை. யாரோ ஒருவருடைய பிள்ளை பிறந்த சேதி, யாரோ ஒருவருடைய சாவுச் சேதி, ஒரு எழுத்து தவறாமல் அந்த மேசையைக் கடந்து போயிருக்கிறது. எங்கள் கவுண்டரிலும் அப்படித்தான். தோட்டத்திலிருந்து வருகிறவர் நீளமாகச் சொல்லி அழுவார். காசுக்குத் தகுந்தபடி நான்கு சொல்லாகக் குறைத்து எழுதிக் கொடுப்போம். 1872-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்கு 20 சொல் அனுப்ப 9 பவுண்டுக்கு மேல் ஆனது என்றால், அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் எவ்வளவு யோசித்திருப்பார்கள்!

இன்னொன்றை நம் ஊர்ப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. டார்வினிலிருந்து கிளம்பிய தந்தி ஜாவாவின் பன்யுவாங்கியில் கரையேறி, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா), சிங்கப்பூர் தாண்டி, நம் பினாங்குக்கு வந்து, இங்கிருந்து கடலுக்கு அடியில் மெட்ராஸ் போய்த்தான் லண்டன் வழியைப் பிடித்தது. ஆஸ்திரேலியாவின் கம்பளி விலையும் தங்கம் விலையும் பினாங்கைத் தொட்டுக்கொண்டு போயிருக்கின்றன. என் அப்பா ரஜுலா கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே நாகப்பட்டினத்திலிருந்து வந்தாரே, அதே கடலின் அடியில்தான் அந்தக் கம்பி கிடந்தது.

கடலுக்கு அடியில் கிடக்கும் கம்பியில் உப்புத் தண்ணீர் படாதா? அப்போது பிளாஸ்டிக் கிடையாதே?
— ஒரு மாணவர், ஆயர் ஈத்தாம்

நல்ல கேள்வி தம்பி. பதில் நம் காட்டிலேயே இருந்தது. கெத்தா பெர்ச்சா என்ற மரப்பால். மலாய்க்காரர்கள் தாபான் மரம் என்பார்கள். வெந்நீரில் போட்டால் பிசைந்த மாவு போல் இளகும், ஆறினால் இறுகும், கடல் குளிரில் கெடாது. செம்புக் கம்பிக்கு அதைத்தான் உறையாகப் பூசினார்கள். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற மாதிரி இதில் எடுப்பதில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்துத்தான் எடுத்தார்கள். உலகக் கடல்களுக்கெல்லாம் கம்பி போட்டதில் மலாயாக் காடுகளிலும் சுமத்ரா, போர்னியோ காடுகளிலும் அந்த மரம் கணக்கில்லாமல் அழிந்தது. தரையில் போன ஆஸ்திரேலியக் கம்பி வெறும் இரும்புதான். அங்கே மரக் கம்பங்களைக் கரையான் தின்றுவிட்டதால் பிறகு இரும்புக் கம்பம் நட்டார்கள்.

எங்கள் தோட்டத்தில் கடிதங்களைக் கிராணி வாங்கிவைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆஸ்திரேலியக் கிராமங்களில் தபால் வேலை யார் பார்த்தார்கள்? பெண்கள் இருந்தார்களா?
— ஒரு வாசகர், சுங்கை பட்டாணி

இருந்தார்கள் ஐயா, நிறையவே இருந்தார்கள். சின்ன ஊர்களில் தபால் ஆபீஸ் என்று தனிக் கட்டடம் இருக்காது. மளிகைக் கடையின் ஒரு மூலை, ரயில் நிலையம், இல்லாவிட்டால் ஒரு வீட்டின் முன்னறை. குதிரை வண்டி தபால் பையை இறக்கிவிட்டுப் போகும். கடைக்காரரோ அவர் மனைவியோ பிரித்துக் கொடுப்பார்கள். தந்தி நிலையங்களில் இன்னொரு வேலையும் இருந்தது. மழை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று குறித்து டாட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர் அதைச் சேர்த்து வானிலைப் படம் வரைந்தார்.

பெண்கள் என்று கேட்டீர்களே, லூயிசா டங்க்லி பெயரை மட்டும் மறக்காதீர்கள். விக்டோரியாவில் தந்தி வேலை பார்த்தவர். ஒரே மேசை, ஒரே வேலை, பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. 1900-இல் தபால் தந்திப் பெண்களுக்கென்று சங்கம் சேர்த்துப் போராடினார். 1901-இல் காலனிகள் ஒன்றாகி, தபால் துறையும் ஒன்றானது. 1902-இல் வந்த அரசு ஊழியர் சட்டம் தந்திப் பெண்களுக்கும் தபால் ஆபீஸ் நடத்திய பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான சம்பளம் கொடுத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு மேலதிகாரி, "பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு சம்பளம்?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். டங்க்லியைப் பற்றி அன்றைக்கே தெரிந்திருந்தால் நான் வாய் திறந்து பதில் சொல்லியிருப்பேன்.

அந்த நிலத்துப் பூர்வகுடி மக்கள் இந்தக் கம்பியை எப்படிப் பார்த்தார்கள்?
— ஒரு வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

கம்பி போன வழி முழுவதும் அவர்கள் நிலம். வறண்ட நாட்டில் தண்ணீர் இருக்கிற இடம் பார்த்துத்தான் நிலையம் கட்டினார்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்துவந்த தண்ணீர் அது. கம்பத்தில் இருந்த பீங்கான் குமிழ்களை எடுத்து ஈட்டிமுனை செய்துகொண்டார்கள்.

1874 பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை, அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடக்கே இருந்த பேரோ கிரீக் தந்தி நிலையத்தைக் கைடிச் என்ற பூர்வகுடி மக்கள் தாக்கினார்கள். கம்பி பார்க்கும் ஜான் ஃபிராங்க்ஸ் இறந்தார். நிலையத் தலைவர் ஸ்டேப்பிள்டன் ஈட்டிக் காயத்தோடு கிடந்தார். அவர் மனைவியை அடிலெய்டு தந்தி ஆபீசுக்கு அழைத்துவந்தார்கள். சாவதற்கு முன் கணவர் சொன்ன பிரியாவிடை கம்பி வழியாக அந்த அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. தந்தி கவுண்டரில் இருந்தவள் என்பதால், அதைக் கையில் வாங்கி எழுதியவரை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அதற்குப் பிறகு பழிவாங்கப் போன போலீஸ் கூட்டம் வாரக்கணக்கில் தேடித் தேடிப் பூர்வகுடி மக்களைச் சுட்டுக் கொன்றது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்களை நான் ஏற்பதில்லை.

அலிஸ் ஸ்பிரிங்ஸ் நிலையத்தில் தந்தி வேலை 1932-இல் நின்றது. அதே கட்டடங்களில் 1942 வரை, தாய்மாரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த கலப்பினப் பூர்வகுடிப் பிள்ளைகளை வைத்திருந்தார்கள். பட்டர்வொர்த் தங்கச்சி, மகன் அனுப்பிய படத்தில் இருப்பது அந்தக் கட்டடமும்தான். அவனிடம் இதையும் சொல்லுங்கள்.