வாசகர் கேள்வி - பதில்: அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில் காவல்

கேள்வி: என் மகள் முதுகலைப் படிப்புக்காக வரும் ஆகஸ்டில் அமெரிக்கா செல்கிறாள். பல்கலைக்கழகம் அனுப்பிய கையேட்டில், அவர்களுக்கென்றே தனிக் காவல்துறை இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். நம் கல்லூரி வாயில்களில் நிற்கும் காவலாளிகளைப் போன்றவர்களா இவர்கள்?
- ஒரு தாய், திருச்சி

பதில்: இல்லை அம்மா. அங்குள்ள பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் வளாகக் காவலர்கள், நகரக் காவலர்களைப் போலவே பயிற்சி பெற்று, உறுதிமொழி ஏற்று, துப்பாக்கி ஏந்திப் பணியாற்றுபவர்கள்; குற்றத்தைப் புலனாய்வு செய்யவும் கைது செய்யவும் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. 1894இல் நியூ ஹேவன் நகரக் காவலர்கள் இருவர் யேல் பல்கலைக்கழக வளாகத்தில் பணியமர்த்தப்பட்டதே இந்த ஏற்பாட்டின் தொடக்கம். அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2011-12 கல்வியாண்டில் எடுத்த கணக்கெடுப்பின்படி, 2,500 மாணவர்களுக்குக் குறையாத நான்காண்டுக் கல்வி நிறுவனங்களில், அரசு நிறுவனங்களில் 92 சதவீதமும் தனியார் நிறுவனங்களில் 38 சதவீதமும் இத்தகைய முழு அதிகாரமுள்ள காவலர்களை வைத்திருந்தன. ஆகவே உங்கள் மகள் சேரவிருப்பது தனியார் பல்கலைக்கழகமானால், அங்கிருப்பது காவல்துறையா, கைது அதிகாரமில்லாத பாதுகாப்புப் பிரிவா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவர்களுடைய எல்லையையும் கேட்டறிவது அவசியம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் காவலர்களின் முதன்மைப் பணி எல்லை வளாகத்தின் வெளி எல்லையிலிருந்து ஒரு மைல் தொலைவு வரை செல்லும். மற்ற மாநிலங்களில் விதி வேறு. வாடகை வீடு அந்த எல்லைக்கு வெளியே இருந்தால், அவசரத்துக்கு வரப்போவது நகரக் காவல்துறைதான்.

அதிகாரம் இருக்கும் இடத்தில் அத்துமீறலும் நடந்திருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. 2011 நவம்பரில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் தரையில் அமர்ந்து போராடிய மாணவர்கள் மீது வளாகக் காவலர்கள் பெப்பர் ஸ்பிரே அடித்தனர். 2015 ஜூலையில் சின்சினாட்டி பல்கலைக்கழகக் காவலர் ஒருவர், வளாகத்துக்கு வெளியே, முன்பக்க எண்பலகை இல்லாததற்காக நிறுத்திய காரின் ஓட்டுநரைச் சுட்டுக் கொன்றார். இறந்தவர் நிராயுதபாணியான கறுப்பினத்தவர். எனவே காவலர் நிறுத்தினால் ஓடக் கூடாது, கைகளை அவர் பார்க்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும், எதையும் எடுப்பதற்கு முன் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும் என்பதை மகளிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: என் மகனின் பல்கலைக்கழகத்திலிருந்து வழிப்பறி, திருட்டு என்று அடிக்கடி எச்சரிக்கைச் செய்திகள் வருகின்றன. அவன் அவற்றை எனக்கும் அனுப்புகிறான். அவ்வளவு ஆபத்தான இடமா அது? வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறச் சொல்லலாமா?
- வாசகர், மதுரை

பதில்: செய்தி வருவதைக் கொண்டு மட்டும் அப்படி முடிவு செய்யாதீர்கள். எச்சரிக்கை அனுப்புவது அங்கே சட்டக் கடமை. அந்தச் சட்டம் ஓர் இளம்பெண்ணின் மரணத்திலிருந்து பிறந்தது.

1986 ஏப்ரல் 5 அன்று, பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு படித்துவந்த ஜீன் கிளெரி, தன் விடுதி அறையில் சக மாணவன் ஒருவனால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அவனுக்கும் அவருக்கும் முன்பின் அறிமுகம் இல்லை. தானாகப் பூட்டிக்கொள்ளும் விடுதிக் கதவுகளை, நண்பர்கள் வந்துபோக வசதியாக இருக்கட்டும் என்று யாரோ பிட்சா அட்டைப்பெட்டிகளைச் செருகித் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வழியாகத்தான் அவன் உள்ளே வந்தான். முந்தைய மூன்றாண்டுகளில் அந்த வளாகத்தில் 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்தும் மாணவர்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்று ஜீனின் பெற்றோர் பின்னர் அறிந்தனர். அவர்கள் ஓயாமல் போராடியதன் விளைவாக 1990இல் நிறைவேறிய சட்டம் இன்று மகளின் பெயராலேயே வழங்குகிறது. அதன்படி, அரசின் கல்வி உதவித் திட்டங்களில் பங்குபெறும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மூன்றாண்டுக் குற்றப் புள்ளிவிவரத்தை ஆண்டுதோறும் அக்டோபர் 1க்குள் வெளியிட வேண்டும்; காவல் பிரிவு உள்ளவை அன்றாடக் குற்றப் பதிவேட்டை யார் கேட்டாலும் காட்ட வேண்டும்; அபாயம் தொடரக்கூடும் என்று தெரிந்தால் மாணவர்களை உரிய நேரத்தில் எச்சரிக்க வேண்டும்.

அந்த உரிய நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதை 2007 ஏப்ரல் 16 காட்டியது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக விடுதியில் காலை 7.15 மணியளவில் இரண்டு மாணவர்கள் சுடப்பட்டனர். மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் சென்றது 9.26க்கு. சில நிமிடங்களிலேயே அதே கொலைகாரன் நாரிஸ் கட்டடத்தின் வகுப்பறைகளுக்குள் புகுந்து மேலும் 30 பேரைக் கொன்றான். அப்போது அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த நீரியல் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன், கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்த நம் மண்ணின் மைந்தர். இறந்தவர்களில் அவரும் ஒருவர். அதற்கு அடுத்த ஆண்டு, உடனடி ஆபத்து உறுதியானால் தாமதமின்றி அவசர அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற கடமையும் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. உங்கள் மகனின் கைப்பேசிக்கு வரும் செய்திகளுக்குப் பின்னால் இவ்வளவு துயரம் இருக்கிறது. அவற்றை நிறுத்திவைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கையை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். வளாகம், அதை ஒட்டிய பொது இடங்கள், பல்கலைக்கழகத்தின் கட்டுப்பாட்டிலுள்ள கட்டடங்கள் ஆகியவற்றில் நடந்தவையே அந்த அறிக்கையில் இடம்பெறும். மாணவர்கள் தாமாக வாடகைக்கு எடுக்கும் வீடுகளில் நடப்பவை அதில் சேர்வதில்லை. அவற்றுக்கு நகரக் காவல்துறையின் விவரங்களையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆய்வகத்திலிருந்து வீடு திரும்ப இரவு பதினொரு மணிக்கு மேல் ஆகிவிடும் என்று அங்கிருக்கும் சீனியர்கள் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.
- மாணவி, கோயம்புத்தூர்

பதில்: பயப்படுவதில் தவறில்லை, ஆனால் தனியாக நடக்கத் தேவையில்லை. பெர்க்லி வளாகத்தின் பேர்வாக் போன்ற இலவசத் துணைச் சேவைகள் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அழைத்தால், இதற்கெனப் பயிற்சி பெற்ற ஊழியர்களோ மாணவர்களோ வந்து உங்களை வீடு வரையோ பேருந்து நிறுத்தம் வரையோ கொண்டுவிடுவார்கள். அவர்களைத் தொந்தரவு செய்கிறோமே என்று தயங்குகிற நம் பிள்ளைகள் பலர் இதைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள். அதற்காகத்தான் அவர்கள் இரவில் விழித்திருக்கிறார்கள்.

பல வளாகங்களில் நடைபாதையோரம் நீல விளக்கு எரியும் கம்பங்களைக் காண்பீர்கள். அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் நேராகக் காவல் கட்டுப்பாட்டு அறையுடன் பேசலாம். நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். வாய் திறந்து பேச முடியாத நிலையிலும் அழுத்திவிட்டு நகரலாம், காவலர் அந்த இடத்துக்கு வருவார். கைப்பேசியில் 911ஐ அழைத்தால் அது வளாகத்துக்கு வெளியே உள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லக்கூடும் என்பதால், வளாகக் காவல்துறையின் பத்து இலக்க எண்ணையும் முதல் நாளே சேமித்துக்கொள்ளுங்கள். எதை அழைத்தாலும் முதலில் கட்டடத்தின் பெயரையும் தளத்தையும் சொல்லுங்கள். விடுதிக் கதவை முன்பின் தெரியாதவருக்காகத் திறந்து பிடிக்காதீர்கள். அது மரியாதைக் குறைவாகாது.

கேள்வி: மகன் இரண்டு நாட்களாகத் தொலைபேசியை எடுக்கவில்லை என்றால், இங்கிருந்தே காவல்துறையை அழைக்கலாமா?
- ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக அழைக்கலாம். இந்தியாவிலிருந்து 911ஐ அழைத்துப் பயனில்லை. வளாகக் காவல்துறையின் பத்து இலக்க எண்ணை அமெரிக்காவின் நாட்டுக் குறியீடான 1உடன் அழைத்து, ‘வெல்ஃபேர் செக்’ வேண்டும் என்று கேளுங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், அறை எண்ணுடன் முகவரி, கடைசியாகப் பேசிய நேரம், உடல்நலக் குறைவு ஏதும் இருந்தால் அதுவும் சொல்லுங்கள். காவலர் நேரில் சென்று கதவைத் தட்டிப் பார்ப்பார். மகன் பதினெட்டு வயது கடந்தவர் என்பதால், ‘நலமாக இருக்கிறார், உங்களை அழைக்கச் சொல்லியிருக்கிறோம்’ என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளக்கூடும். அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: பாலியல் தொல்லை குறித்துக் காவல்துறையிடம் சென்றால் விசாவுக்குச் சிக்கல் வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பாதிக்கப்பட்டவராகப் புகார் அளிப்பது மாணவர் விசாவின் விதிகளை மீறுவதாகாது. காவல்துறைக்குச் செல்வதும் செல்லாதிருப்பதும் உங்கள் விருப்பம். எதைத் தேர்ந்தாலும், வகுப்பையோ தங்குமிடத்தையோ மாற்றித்தருவது போன்ற உதவிகளைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு என்பதைப் பல்கலைக்கழகம் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று ஜீன் கிளெரி பெயரிலான சட்டத்துக்கு 2013இல் வந்த திருத்தம் கூறுகிறது. பேராசிரியரிடம் சொன்னால் அவர் அதைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கலாம். ரகசியம் காக்கப்பட வேண்டுமானால் முதலில் பல்கலைக்கழக உளவியல் ஆலோசகரை நாடுங்கள். வன்கொடுமை நிகழ்ந்திருந்தால், காவல்துறையில் புகார் அளிக்காமலேயே மருத்துவமனையில் தடயப் பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். உடைகளைத் துவைக்காமலும் குறுஞ்செய்திகளை அழிக்காமலும் வைத்திருங்கள். முடிவெடுக்க அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் தடயம் காத்திருக்காது என்பதால் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ‘போலீஸ் பேசுகிறோம், உன் மீது வழக்கு இருக்கிறது’ என்று மிரட்டி மாணவர்களிடம் பணம் பறிக்கிறார்களாமே?
- வாசகர், சேலம்

பதில்: உண்மைதான், இந்திய மாணவர்களைக் குறிவைத்தே இது நடக்கிறது. திரையில் தெரியும் எண் காவல்துறையின் எண்ணாகவே தோன்றும்படியும் செய்துவிடுகிறார்கள். எந்தக் காவல்துறையும் தொலைபேசியில் அபராதம் கேட்பதில்லை, கிஃப்ட் கார்டு வாங்கச் சொல்வதுமில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, முன்பே சேமித்துவைத்த எண்ணில் வளாகக் காவல்துறையைத் தாமே அழைத்துக் கேட்க வேண்டும். பணம் போய்விட்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், அன்றைக்கே வங்கிக்கும் வளாகக் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும்.