பந்து ஏன் வலப்புறம் வளைகிறது?

கேள்வி: வலக்கைப் பழக்கமுள்ள நான் டிரைவரால் (தொலைதூரம் அடிப்பதற்கான நீண்ட மட்டை) அடிக்கும் கோல்ஃப் பந்து, நேராகப் புறப்பட்டாலும் பாதி வழியில் வலப்புறம் வளைந்துவிடுகிறது. இடப்புறம் குறிவைத்துப் பார்த்தேன். வளைவு கூடியதுதான் மிச்சம். என்ன செய்யலாம்?

பதில்: பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம், அது வீசப்படும் பாதையைக் காட்டிலும் வலப்புறம் திறந்திருப்பதே இந்த ‘ஸ்லைஸ்’ ஏற்படக் காரணம். பந்து பெரும்பாலும் முகம் நோக்கும் திசையில் புறப்பட்டு, பாதைக்கும் முகத்துக்கும் உள்ள கோண வேறுபாட்டால் வளைகிறது. இடப்புறம் குறிவைத்தால் தோள்களும் அத்திசைக்குத் திரும்பி, மட்டை வெளியிலிருந்து உள்நோக்கி மேலும் குறுக்காக வெட்டுவதால், நோய்க்கே தீனி போட்டதாகிவிடும்.

முதலில் பிடியைக் கவனியுங்கள். மட்டையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நோக்கும்போது இடக்கையின் விரல் முட்டிகளில் ஒன்று மட்டுமே தெரிந்தால், மட்டையை அசைக்காமல், இரண்டு அல்லது மூன்று முட்டிகள் தெரியுமளவு கையை மட்டும் வலப்புறம் திருப்பிப் பிடியுங்கள். சில நாள்கள் இது கோணலாகத்தான் தோன்றும். பழைய பிடிக்குத் திரும்பிவிட வேண்டாம்.

பாதையைத் திருத்த, பந்துக்கு அப்பால், இலக்குக்கு எதிர்ப்புறமாகச் சற்றுப் பின்தள்ளி மட்டை உறையொன்றை வைத்து, அதில் படாமல் பாதி வேகத்தில் அடித்துப் பழகுங்கள். கீழ்வீச்சைத் தோள்களால் தொடங்கினால் மட்டை அந்த உறையில் இடிக்கும். இடுப்பு முதலில் திரும்பினால் பெரும்பாலும் தப்பும். புதிய டிரைவர் வாங்கும் எண்ணமிருந்தால், அதை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம்.