ஜெல்லில் எடை கூடுதலாகத் தெரிந்தால் புரதம் போலியா?

கேள்வி: நோயெதிர்ப்புச் செல்களின் மேல் இருக்கும் மனித பிடி-1 ஏற்பியின் வெளிப்பகுதியை, ஹிஸ் டேக் (பிரித்தெடுக்க உதவும் சிறு வால்) சேர்த்த மறுசேர்க்கைப் புரதமாக, அதாவது வேறு செல்லில் மரபணுவை ஏற்றித் தயாரித்ததாக, வாங்கினோம். எடை 17 கிலோடால்டன் என்று தாளில் இருக்கிறது. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் எங்கள் எஸ்டிஎஸ் ஜெல்லிலோ 35-ஐ ஒட்டி, அகலமான பட்டையாக நிற்கிறது. ஏமாந்துவிட்டோமா? திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். எந்தச் செல்லில் தயாரித்தது என்று முதலில் பாருங்கள். ஹெக் 293 போன்ற மனிதச் செல் என்றால் பட்டை அங்கேதான் நிற்கும். 17 என்பது அமினோ அமிலங்களை மட்டும் கூட்டிய கணக்கு. பிடி-1-இன் வெளிப்பகுதியில் சர்க்கரைச் சங்கிலி ஏறும் இடங்கள் 4 உண்டு. எல்லா மூலக்கூறிலும் அது ஒரே அளவில் ஏறாது, அதனால்தான் அந்த அகலம். 17-இல் கச்சிதமாக நின்றிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். இந்தச் சர்க்கரையை ஏற்றாத ஈ.கோலை பாக்டீரியாவில் செய்த சரக்கு அப்படித்தான் ஓடும்.

நம்பிக்கை வரவில்லையா? சர்க்கரையை வெட்டும் பிஎன்ஜியேஸ் எஃப் நொதியைச் சேர்த்து ஓட்டுங்கள், பட்டை 17 பக்கம் இறங்கும். ஆனால் அந்த நொதியின் எடையே சுமார் 36! பழைய பட்டை இருந்த இடத்திலேயே நொதியும் வந்து உட்காரும். 'வெட்டவே இல்லை' என்று விற்றவரோடு சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டு நாள் நானும் குழம்பியிருக்கிறேன். பக்கத்துக் குழியில் நொதியை மட்டும் தனியாக ஓட்டுங்கள். சர்க்கரை வெட்டாத புரதம் ஒரு குழியில், வெட்டியது ஒரு குழியில், நொதி ஒரு குழியில். மூன்றும் ஒரே ஜெல்லில் இருக்க வேண்டும்.

உண்மையில் ஏமாற்று நடப்பது வேறு இடத்தில். யாரோ தயாரித்த குப்பியில் தன் லேபிளை ஒட்டி விற்கும் இடைத்தரகர்கள் உண்டு. தயாரிப்பாளர் யார் என்றால் மழுப்புவார்கள். லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதியின் எண்) சொல்லி, அந்த லாட்டுக்கே உரிய பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேளுங்கள். 'மாதிரிப் படம்' செல்லாது. தூய்மை 95 சதவீதம் என்றால் வேறு புரதம் அதிகம் கலக்கவில்லை என்றுதான் அர்த்தம், சரியாக மடிந்திருக்கிறது என்றல்ல. பிடி-1 இயல்பாகப் பிணையும் புரதமான பிடி-எல்1 உடன் பிணைகிறதா என்று பார்க்கும் எலைசா சோதனையின் முடிவைக் கேளுங்கள். அப்புறம், 66 அருகே தடித்த பட்டை தெரிந்தால், நிலைத்திருக்கச் சேர்த்த மாட்டு ஆல்புமினாக இருக்கலாம். புரதத்தின் மேல் பயோட்டின் என்ற சிறு அடையாள மூலக்கூறை ஏற்றப்போகிறீர்கள் என்றால் அது ஆல்புமின் மேல்தான் போய் ஒட்டும். ஆல்புமின் இல்லாததையே வாங்குங்கள்.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தாலும் கொள்முதல் பிரிவு விலைப் பட்டியலில் கடைசி எண்ணை மட்டும்தான் பார்க்கும். 'ஒரே பெயர்தானே, எது மலிவோ அது' என்பார்கள். எந்தச் செல், எந்த டேக், ஆல்புமின் உண்டா என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

இப்போது கையில் இருப்பதைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து உறையவையுங்கள். ஒவ்வொரு ஜெல்லுக்கும் அதே குப்பியை உருக்கி உருக்கி உறையவைத்தால், நல்ல புரதத்தையும் நீங்களே கெடுத்துவிடுவீர்கள்.