கிரகணத்தின் மேல் பழி வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 26. எட்டு மாதப் பையனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நான் கிரகணத்தன்று வெளியே போனதால்தான் என்கிறார் மாமியார். சொந்தத்தில் கட்டியதால் என்கிறார் அம்மா. டாக்டர், பையன் நடப்பானா?
- வாசகி, தேனி

பதில்: இரண்டும் இல்லையம்மா. எல்லோருக்கும் 21-வது குரோமோசோம் (செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழை) இரண்டு இருக்கும், உங்கள் பையனுக்கு மூன்று. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே தற்செயலாக நேர்கிற பிரிவுப் பிழை இது. அப்போது கிரகணமும் இல்லை, கர்ப்பமும் இல்லை! தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும். ஆனால் இளம் தாய்மார்களுக்கும் இப்படிக் குழந்தைகள் பிறக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் மொத்தக் குரோமோசோம் எண்ணிக்கை ‘47’ என்றிருந்தால் கூடுதல் குரோமோசோம் தனியாக நிற்கிறது. ‘டிரான்ஸ்லொகேஷன்’ (கூடுதல் துண்டு வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருப்பது) என்றிருந்தால் மட்டும் நீங்களும் கணவரும் குரோமோசோம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அடுத்த குழந்தைக்கு அது முக்கியம்.

நடப்பான், கொஞ்சம் தாமதமாக. தசை தளர்வாக இருப்பதால் பலர் இரண்டு வயதை ஒட்டித்தான் நடக்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு பையன் இரண்டேகால் வயதில் நடந்தான். இப்போது அப்பாவின் மளிகைக் கடையில் பாக்கெட் அடுக்குகிறான், எனக்குக் கணக்கும் சொல்கிறான் (பாதி தப்பு!).

இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தாயிற்றா? டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும், இதைத் தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு, காது, கண் பரிசோதனையும் வேண்டும். பிசியோதெரபியை இந்த வாரமே தொடங்குங்கள். மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் இலவசம். அடுத்த முறை மாமியாரையும் கூட்டிப் போங்கள், டாக்டரே சொல்லட்டும்.