வீட்டுக் காப்பீடு: பிரீமியத்தைக் கடைசியில் பாருங்கள்

வீட்டுக் காப்பீடு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில். நான் பல வருஷம் சர்வேயராக இருந்தேன். அதாவது, தீயோ தண்ணீரோ வந்து போன வீட்டுக்குள் நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போய்ச் சேதத்தைக் கணக்குப் போடுகிற வேலை. அதனால் உங்கள் கேள்விகளைப் படிக்கும்போதே அந்த வீடுகளுக்குள் நிற்பது மாதிரி இருந்தது. வந்த கேள்விகளில் பாதி, 'எந்தப் பாலிசி விலை குறைவு?' என்பதுதான். அதற்கும் வருகிறேன், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வேறு.

வீட்டை வாங்கிய விலைக்கே காப்பீடு எடுக்கலாம் என்று இருந்தேன். அதில் பாதிக்கும் கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் போதும் என்கிறார் ஏஜென்ட். பிரீமியம் குறைகிறதே என்று சந்தோஷம், குறைத்து எடுத்துவிடுவோமோ என்று பயம். எது சரி?

ஏஜென்ட் சொல்வது சரியாக இருக்கலாம். வாங்கிய விலையில் மனையின் விலையும் சேர்ந்திருக்கிறது. வீடே எரிந்து போனாலும் மனை அங்கேயேதான் கிடக்கும், அதற்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டுவது வீண். இதே வீட்டை இன்றைய கூலிக்கும் இன்றைய சாமான் விலைக்கும் அஸ்திவாரத்திலிருந்து திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும்? அதுதான் காப்பீட்டுத் தொகை. விற்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதில் வேலையே இல்லை.

சரி, அந்தப் 'பாதிக்கும் கொஞ்சம் கூடுதல்' எப்படி வந்தது என்று அவரிடம் கேளுங்கள். கட்டிடப் பரப்பு எத்தனை சதுர அடி, ஒரு சதுர அடிக்கு என்ன கட்டுமானச் செலவு வைத்தார், இடிபாட்டை அள்ளிப் போடுகிற செலவும் இன்ஜினியர் கட்டணமும் அனுமதிக் கட்டணமும் அதில் அடங்குமா, அடங்காதா? பதில் வரவில்லை என்றால் அது குத்துமதிப்பு. வீடு கட்டித் தருகிற ஒருவரைக் கூப்பிட்டு ஒரு மதிப்பீடு வாங்கிக்கொள்ளுங்கள், அரை நாள் வேலை.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், குறைத்து எடுப்பதன் விலை முழு வீடும் போனால் மட்டும் தெரிவதில்லை, ஒரு அறை எரிந்தாலே தெரிந்துவிடும். திரும்பக் கட்ட 100 ஆகும் வீட்டை 60-க்குக் காப்பீடு செய்திருக்கிறீர்கள், சமையலறையில் தீப்பிடித்து 20 சேதம் என்று வைத்துக்கொள்வோம். 60 இருக்கிறதே, 20 முழுதாக வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பல பாலிசிகளில் 'ஆவரேஜ்' என்று ஒரு விதி உண்டு: வீட்டில் 60 சதவீதத்துக்குத்தான் காப்பீடு எடுத்தீர்கள், ஆகவே சேதத்திலும் 60 சதவீதம்தான். கைக்கு வருவது 12. மீதி 8 உங்கள் பொறுப்பு. நான் போன ஒரு வீட்டில் மாடியில் இரண்டு அறை கூட்டிக் கட்டியிருந்தார்கள், பாலிசியில் இருந்ததோ கட்டுவதற்கு முந்தைய தொகை. கீழே சமையலறைச் சுவர் கூரை வரை கரியாக நிற்கிறது, பக்கத்தில் அந்த வீட்டு அம்மா பாலிசித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "மாடிக்கு ஒண்ணுமே ஆகலையே, அதை ஏன் கணக்கில் சேர்க்கிறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் எழுத வேண்டியிருந்த தொகை மாறவில்லை. இந்த விதியைத் தளர்த்தியிருக்கும் பாலிசிகளும் இருக்கின்றன, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வீட்டில் எதைக் கூட்டிக் கட்டினாலும் அந்த வாரமே கம்பெனிக்கு எழுதிப் போடுங்கள்.

பக்கத்து வீடும் என் வீடும் ஒரே அளவு, ஒரே வயது. எனக்கு மட்டும் பிரீமியம் அதிகம். இதுவரை ஒரு கிளெய்ம்கூடக் கேட்டதில்லை, ஆனாலும் வருஷா வருஷம் ஏற்றுகிறார்கள். இது என்ன நியாயம்?

இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள், தனித்தனியாகப் பார்ப்போம்.

வீட்டைப் பார்த்துப் பிரீமியம் வைப்பது இந்தத் தொழில் பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1666-இல் லண்டனில் பெரும் தீ பரவிப் பதிமூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அதற்குச் சில வருஷம் கழித்து, 1680 வாக்கில், நிக்கோலஸ் பார்பன் என்பவர் தீக்காப்பீட்டு அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். செங்கல் வீடு என்றால் வருஷ வாடகையில் 2.5 சதவீதம், மர வீடு என்றால் 5 சதவீதம், நேர் இரட்டை. அப்புறம் அமெரிக்காவில் பிலடெல்பியாவில், பெஞ்சமின் பிராங்க்ளினும் சேர்ந்து 1752-இல் தொடங்கிய காப்பீட்டுச் சங்கம், வாசலில் மரம் நிற்கிற வீட்டுக்குப் பாலிசி தருவதையே ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டது, தீயை அணைக்க மரம் இடைஞ்சல் என்று. மரத்தை வெட்ட மனமில்லாதவர்களுக்காகவே 1784-இல் இன்னொரு சங்கம் உருவானது, கொஞ்சம் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு மரத்தோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. ஒரு மரம் இருக்கிறதா இல்லையா என்பதற்கே தொகை மாறியிருக்கிறது பாருங்கள்.

இன்றைக்கும் அதே கதைதான், பார்க்கிற விஷயங்கள் மட்டும் கூடிவிட்டன. ஒயரிங் எத்தனை வருஷப் பழசு, கூரை எதனால் ஆனது, தீயணைப்பு நிலையம் எவ்வளவு தூரம், தாழ்வான இடமா, வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறதா, முன்பு கிளெய்ம் வாங்கியிருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் டிடக்டிபிள், அதாவது சேதம் வந்தால் முதலில் அவர் கையிலிருந்து போகும் தொகை, உங்களுடையதைவிட அதிகமாக இருக்கலாம், அது ஒன்றே பெரிய வித்தியாசம் காட்டும். இருவர் பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பத்து நிமிஷத்தில் காரணம் அகப்பட்டுவிடும்.

கிளெய்மே கேட்காமல் ஏறுவதற்கு வேறு காரணங்கள். சிமெண்ட், கம்பி, கூலி ஏறினால் திரும்பக் கட்டும் செலவும் ஏறுகிறது, இது ஒன்று. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: உங்கள் கம்பெனியே இன்னொரு கம்பெனியிடம் காப்பீடு எடுத்திருக்கிறது, மறுகாப்பீடு என்பார்கள். சுவிட்சர்லாந்தில் கிளாருஸ் என்ற ஊர் 1861-இல் எரிந்தபோது இழப்பீடு கொடுக்க முடியாமல் காப்பீட்டாளர்கள் தடுமாறினார்கள். அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 1863-இல் தொடங்கிய சுவிஸ் ரீ, இன்றும் உலகின் பெரிய மறுகாப்பீட்டு நிறுவனங்களில் ஒன்று. இவர்கள் பல நாடுகளின் புயலையும் தீயையும் ஒன்றாகத் தாங்குகிறவர்கள், ஆகவே எங்கோ அடித்த புயலின் கணக்கு சுற்றிச் சுற்றி உங்கள் வீட்டுப் புதுப்பிப்பு நோட்டீஸ் வரை வந்து சேரும். 1992-இல் புளோரிடாவை ஆண்ட்ரூ புயல் அடித்தபோது பத்துக்கும் மேற்பட்ட காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாகிவிட்டன. அதனால் ரொம்ப மலிவாகத் தருகிற கம்பெனியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமே வரும்.

மூன்றாவது காரணம் மட்டும் நிஜமாகவே அநியாயம். பழைய வாடிக்கையாளர் எங்கே போய்விடப் போகிறார் என்று, புதிதாக வருகிறவரைவிட அவரிடம் அதிகம் வாங்குவது. பிரிட்டனில் இது எல்லை மீறிப்போய், வீடு, வாகனக் காப்பீடுகளில் புதியவருக்குச் சொல்லும் விலையைவிடப் புதுப்பிப்பு விலை கூடுதலாக இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் தடையே போட்டுவிட்டார்கள். எல்லா இடத்திலும் அப்படி விதி இல்லையே. ஆகவே புதுப்பிக்கும் மாதத்துக்கு முன்பே வேறு இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள், அந்தத் தாளோடு உங்கள் கம்பெனியிடம் பேசுங்கள். பேசினாலே குறைப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

வாடகை வீட்டில் இருப்பவருக்கு இதெல்லாம் எதற்கு?

கட்டிடம் வீட்டு உரிமையாளர் பாடு. உங்கள் துணிமணி, கட்டில், கம்ப்யூட்டர் எல்லாம் அவர் பாலிசியில் வராது. பொருள்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம், பிரீமியமும் குறைவாகத்தான் இருக்கும். உங்கள் குழாயைத் திறந்துவிட்டுப் போய்க் கீழ்வீட்டுக் கூரை ஊறிப்போனால் அதற்கான பொறுப்பையும் ஏற்குமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

'தண்ணீரால் வரும் சேதம்' உண்டு என்று பாலிசியில் தெளிவாகப் போட்டிருக்கிறது. மழை வெள்ளம் உள்ளே வந்து எல்லாம் போயிற்று, கிளெய்ம் மறுத்துவிட்டார்கள். ஏமாற்றுகிறார்களா?

உங்கள் வேதனை புரிகிறது. காப்பீட்டு மொழியில் தண்ணீர் ஒரே தண்ணீர் இல்லை, இதை விற்கும்போது யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் எனக்குக் கோபம். குழாய் திடீரென்று வெடித்துக் கொட்டினால் அது ஒரு வகை, பெரும்பாலும் கிடைக்கும். வெளியிலிருந்து தரையோடு வருகிற வெள்ளம் இன்னொரு வகை, பல பாலிசிகளில் அதைத் தனியாகச் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். மூன்றாவது, மாதக்கணக்கில் கசிந்து ஊறியது. அது பராமரிப்புக் குறை என்று பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். இதைச் சர்வேயர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்றால், அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்திப் பார்ப்பார். ஒரே நாளில் நனைந்த சுவரில் ஒரே கோடுதான் இருக்கும். பழைய கசிவு என்றால் பழுப்பு வளையம், அதைச் சுற்றி இன்னொரு வளையம் என்று நனைந்து காய்ந்து நனைந்த தடம் வரிசையாக நிற்கும், விரலால் தொட்டால் பூச்சு மாவாக உதிரும்.

காரணம் எது என்ற இந்தச் சண்டை பழையது. 1906-இல் சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம் வந்து, அதைத் தொடர்ந்து நாள்கணக்கில் ஊர் எரிந்தது. மக்களிடம் இருந்தது தீக்காப்பீடு. வீடு இடிந்து விழுந்ததா, எரிந்து விழுந்ததா என்று கம்பெனிகள் வாதாடின, சிலது தொகையைக் குறைத்தன, சிலது கொடுக்க வழியில்லாமல் மூடின. லாயிட்ஸ் என்ற லண்டன் காப்பீட்டுச் சந்தையில் இருந்த கத்பர்ட் ஹீத் என்பவரோ, பாலிசியில் என்ன நிபந்தனை இருந்தாலும் நம்மிடம் எடுத்த எல்லோருக்கும் முழுதாகக் கொடுங்கள் என்று தன் ஆட்களுக்குத் தந்தி அடித்தார். அந்தத் தந்தியால் அமெரிக்காவில் லாயிட்ஸுக்கு வந்த நல்ல பெயர் இன்றும் பேசப்படுகிறது. எல்லோரும் ஹீத் இல்லை, அதனால் விலக்குகள் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பிரிவை எடுத்து நீங்களே ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். தண்ணீர் வெளியிலிருந்து வராமல் உள்ளே குழாய் உடைந்தோ கூரை பெயர்ந்தோ வந்திருந்தால் அதைப் படத்தோடு எழுதுங்கள். கம்பெனிக்குள் இருக்கும் குறைதீர்ப்புப் பிரிவு, அதிலும் நடக்காவிட்டால் குறைதீர்ப்பாளர் என்று பல நாடுகளில் வழி இருக்கிறது, செலவும் அதிகம் ஆகாது. வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி எடுக்க நினைக்கிறவர்கள் மேகம் திரண்ட பிறகு ஓட வேண்டாம். அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீட்டில்கூட வழக்கமாக 30 நாள் காத்திருந்தால்தான் அது அமலுக்கு வரும்.

பிரீமியத்தைக் குறைக்க நல்ல வழி எது?

டிடக்டிபிளை உயர்த்துங்கள், காப்பீட்டுத் தொகையைக் குறைக்காதீர்கள். உடைந்த ஜன்னலை உங்கள் சேமிப்பிலிருந்து மாற்றிக்கொள்ளலாம், எரிந்த வீட்டைக் கட்ட முடியாது. சின்னச் சின்னக் கிளெய்ம் கேட்டால் அடுத்த வருஷப் பிரீமியம் ஏறவும் செய்யும், ஆகவே நாளைக் காலையே உங்களால் புரட்ட முடிகிற தொகையை டிடக்டிபிளாக வையுங்கள். சில இடங்களில் புயலுக்கு மட்டும் அது காப்பீட்டுத் தொகையில் இத்தனை சதவீதம் என்று இருக்கும். 2 சதவீதம் என்றால் கேட்கச் சின்னதாகத்தான் தெரிகிறது, வீட்டின் முழுத் தொகையில் 2 சதவீதம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் விலையை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஒரே அளவில் வைத்துக் கேளுங்கள்: அதே காப்பீட்டுத் தொகை, அதே டிடக்டிபிள், அதே கூடுதல் பாதுகாப்புகள். இல்லாவிட்டால் மலிவாகத் தெரிவது பெரும்பாலும் எதையோ விட்டுவிட்ட பாலிசி. முக்கியமாக, பொருளுக்குப் புதிதாக வாங்கும் விலை தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா என்று பாருங்கள். பத்து வருஷ வாஷிங் மெஷினுக்குத் தேய்மானம் கழித்தால் கையில் வருவதில் ஒரு நல்ல மின்விசிறி வாங்கலாம், அவ்வளவுதான். நகைக்குத் தனி உச்சவரம்பு இருக்கும், அதையும் பாருங்கள். கார், வீடு இரண்டையும் ஒரே இடத்தில் எடுத்தால் தள்ளுபடி தருவார்கள். நல்லதுதான், ஆனால் தனித்தனியாக எடுத்தால் என்ன ஆகும் என்றும் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பிரீமியம் குறையும் என்று, வீட்டில் டியூஷன் நடத்துவதையோ தையல் யூனிட் வைத்திருப்பதையோ வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடப்பதையோ மறைக்க வேண்டாம். கிளெய்ம் வரும் நாளில் முதலில் தோண்டுவது அதைத்தான்.

வீட்டுக் கடன் கொடுத்த வங்கியே ஒரு பாலிசி போட்டுவிட்டது. அது போதாதா?

தொகையைப் பாருங்கள். மீதமுள்ள கடன் அளவுக்கு மட்டும் எடுத்திருந்தால் அது வங்கியைக் காப்பாற்றும், நீங்கள் கையிலிருந்து போட்ட பணத்தையும் வீட்டுக்குள் இருக்கும் பொருள்களையும் காப்பாற்றாது. திரும்பக் கட்டும் செலவுக்கு உயர்த்த முடியுமா என்று கேளுங்கள். வெளியில் எடுத்த பாலிசியை ஏற்பீர்களா என்றும் கேளுங்கள்.

பாலிசி ஏற்கெனவே இருக்கிறது. இந்த வாரம் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, செலவே இல்லாத வேலை. போனை எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து வீடு முழுக்க மெதுவாக நடந்து வீடியோ எடுங்கள். பீரோவைத் திறந்து காட்டுங்கள், சமையலறை அலமாரிகளையும் விடாதீர்கள். டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை வாய்விட்டுப் படியுங்கள். எரிந்த அறையில் நின்றுகொண்டு, "இங்கே என்னென்ன இருந்தது?" என்று நான் கேட்டபோது, இருபது வருஷம் அந்த அறையில் புழங்கியவர்களுக்கே ஐந்தாறு பொருளுக்கு மேல் ஞாபகம் வந்ததில்லை. பில்கள் இருந்தால் அவற்றையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அந்தப் போனிலேயே வைத்திருக்காமல், வேறு வீட்டில் இருக்கும் அக்காவுக்கோ தம்பிக்கோ இன்று இரவே அனுப்பிவிடுங்கள்.